மேட்டுக் கிணறும் கீழ்ப் பீலியும்

கண்டியில் விவசாயத்துக்குக் கிணற்றுத் தண்ணீரா என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் ஆச்சரியப்படுவார்கள். வருடத்துக்கு 1,800 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற ஊர், பக்கத்திலேயே மகாவலி ஓடுகிறது, பிறகு என்ன குறை? அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மழை பயிர் கேட்கும் நாளில் பயிர் கேட்கும் அளவில் வருவதில்லை. ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாதத்திலேயே வருட மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொட்டிவிடும். ஜனவரி பிறந்தால் மார்ச் கடைசி வரை மாதத்துக்கு 70, 80 மில்லிமீற்றர்தான் சராசரி. அதுவும் சில வருடங்களில் கிடைப்பதில்லை. மகாவலி பள்ளத்தில் ஓடுகிறது, நாங்கள் மேட்டில் இருக்கிறோம். தலாத்துஓயாவிலிருந்து மாரஸ்ஸன, ஹேவாஹெட்ட பக்கம் ஏறும் பாதையின் இரு பக்கமும் போஞ்சி, தக்காளி, கறிமிளகாய்த் தோட்டங்களைப் பார்க்கலாம். மாசி, பங்குனியில் அவற்றை உயிரோடு வைத்திருப்பவை கிணறுகளும் ஊற்றுகளும்தான்.

எங்கள் குடும்பம் தோட்ட லயத்தை விட்டு வெளியே வந்து வாங்கிய சரிவு நிலத்தில் நான் மரக்கறி செய்கிறேன். நிலத்தடி நீர்ப் பாசனம் பற்றித் தமிழில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை சமவெளிக்காரருக்காக எழுதப்பட்டவை. அவற்றில் பாதி எங்கள் மலையில் பொருந்தாது. ஓரிரண்டு ஆபத்தானவையும் கூட. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்டிக்கு அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், இடையிடையே குவாட்சைட், குண்டசாலை, திகனப் பக்கம் பளிங்குச் சுண்ணாம்புக்கல். முழுப்பாறைக்குள் தண்ணீர் தங்காது. தங்குவது இரண்டே இடத்தில். ஒன்று, பாறை உக்கி மண்ணாகிக்கொண்டிருக்கும் மேல்படை. மற்றது, அதற்குக் கீழே பாறையில் ஓடும் வெடிப்புகள். மண்ணியலாளர் சி. ஆர். பானபொக்க இலங்கையின் நிலத்தடி நீர்ப்படைகளை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் படை ஒன்று, எங்களுடைய உக்கிய பாறைப் படை இன்னொன்று. இரண்டும் ஒரே பெயரில் 'கிணறு' என்று அழைக்கப்பட்டாலும் நடத்தையில் வேறு வேறு. எங்கள் மேல்படை மெல்லியது, சரிவானது. மேட்டில் ஊறிய மழை மண்ணுக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும்; கெட்டிப்பாறையைத் தொட்ட இடத்தில் பக்கவாட்டில் திரும்பி, சில வாரத்திலோ சில மாதத்திலோ கீழே ஓர் ஊற்றாக, பீலியாக, ஓடையாக வெளியே வந்துவிடும். நாங்கள் மோட்டர் போட்டு எடுப்பது அப்படி இறங்கிப் போய்க்கொண்டிருக்கும் தண்ணீரை. கீழே யாரோ ஒருவர் அதற்காகக் காத்திருக்கிறார். கண்டி மாவட்டத்தில் கிணறு வைத்திருப்பவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான். மற்ற எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

சரி, வேலைக்கு வருவோம். கிணற்றை அளக்க ஆரம்பியுங்கள். நைலோன் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கனமான இரும்பு நட்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். கிணற்றுக் கட்டில் ஓர் இடத்தைப் பெயின்ற்றால் குறித்து, எப்போதும் அங்கிருந்தே கயிற்றை இறக்குங்கள். விடியற்காலையில், வீட்டுக்காரர் யாரும் அள்ளுமுன் அளக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை போதும். தை பிறந்த பிறகு இரண்டு தடவை. அளவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அந்த வார மழையையும் பக்கத்துக் கட்டத்தில் குறியுங்கள். மழைமானி இல்லாவிட்டால் நேரான சுவருள்ள ஒரு தகரப் பேணியை வெட்டவெளியில் வைத்து ரூலரால் அளக்கலாம்.

ஒரு மாரியும் ஒரு கோடையும் எழுதினாலே கிணற்றின் குணம் தெரிய வரும். எங்கள் கிணற்றில் நவம்பர் மழை நின்ற பிறகும் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மேட்டில் விழுந்த மழை வந்து சேர அவ்வளவு காலம் எடுக்கிறது. சிலரது கிணற்றில் மழை பெய்த அன்றே தண்ணீர் கலங்கி ஏறும். அதைப் பார்த்து நல்ல ஊற்று என்று சந்தோஷப்பட வேண்டாம். நிலத்தின் மேல் ஓடும் தண்ணீர் கட்டின் இடுக்கு வழியாக நேரே உள்ளே விழுகிறது என்று அர்த்தம். அதைச் சீமெந்து பூசி அடைத்து, கிணற்றைச் சுற்றி மேடை போட வேண்டும்.

மட்டம் தெரிந்தால் பாதி தெரிந்தது. மற்றப் பாதி, மீண்டும் ஊறும் வேகம். மோட்டரால் இரண்டு அடி இறக்கிவிட்டு நிறுத்துங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பத்து அடி விட்டமுள்ள கிணற்றில் ஓர் அடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய 2,200 லீற்றர். ஓர் அங்குலம் 185 லீற்றர். எங்கள் கிணறு டிசெம்பரில் மணிக்கு ஆறு அங்குலம் வரை ஏறும். மார்ச் நடுவில் ஒரு அங்குலம்தான். அப்படியென்றால் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கும் சேர்த்து 4,400 லீற்றர். அதில் வீட்டுக்குக் கொஞ்சம் போகும்.

இப்போது பயிர்ப் பக்கம். மாசி, பங்குனி வெயிலில் நன்கு படர்ந்த மரக்கறிப் பாத்தி நாளுக்கு ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தண்ணீர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர். கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச்சஸ், ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். ஆக நாளுக்கு 4,000 லீற்றர். எங்கள் கிணறு மார்ச்சில் தரக்கூடியதும் கால் ஏக்கர் கேட்பதும் கிட்டத்தட்ட ஒன்று. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, கோடைக்குக் கால் ஏக்கருக்கு மேல் தாகமான பயிர் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். மீதி நிலத்தில் வற்றாளை, மரவள்ளி, கௌபி. மேல் வரம்பில் மிளகுக்கொடி. சந்தையில் தக்காளி விலை ஏறும்போது இன்னும் பத்துப் பேர்ச்சஸ் கூட்டலாமே என்று ஆசை வரும். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அடங்கிவிடும்.

நடும் நாளையும் அதே புத்தகத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறேன். போஞ்சிக்குப் பூக்கிற, காய் பிடிக்கிற காலத்தில் தண்ணீர் குறையக் கூடாது. குறைந்தால் பூ உதிரும். டிசெம்பர் நடுவில் விதைத்தால் அந்தக் கட்டம் ஜனவரிக் கடைசியில் முடிந்துவிடும், கிணறும் அப்போது பலமாக இருக்கும். ஜனவரிக் கடைசியில் விதைத்தவரின் போஞ்சி பூக்கும்போது கிணறு மணிக்கு ஒரு அங்குலத்துக்கு இறங்கியிருக்கும். தக்காளிக்கு விஷயம் வேறு. அதற்குக் குறைவாகக் கொடுத்தாலும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். மூன்று நாள் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் காயின் அடி கறுத்து அழுகும், பழம் வெடிக்கும்.

பீலி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிணற்றுக்குக் கீழே சரிவில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து விழவிடும் ஒரு பீலி இருக்கிறது. முன்பு பாதி பிளந்த மூங்கில் வைத்திருந்தார்கள், இப்போது பிவிசி குழாய். சில வீடுகளுக்குக் குடிக்க, குளிக்க, துணி துவைக்க எல்லாம் அதுதான். ஒரு பங்குனி மாலையில் கீழ்வீட்டு அக்கா ஏறி வந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒங்க மோட்டர் ஓடுற நாளெல்லாம் எங்க பீலி நூலாட்டம் ஆயிருது. ஓடாத நாள்ல நல்லாத்தான் வருது."

"வாங்கக்கா, நாளைக்கே ரெண்டு பேருமா அளந்து பாத்துருவோம்" என்றேன்.

மறுநாள் காலையில் மோட்டரைப் போடாமல் பீலிக்கு அடியில் 20 லீற்றர் கேன் ஒன்றை வைத்தோம், அவரது மகள் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் நிறைந்தது. அதன் பிறகு மோட்டரைப் போட்டோம். மத்தியானம் அதே கேன் நிறைய நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. அக்கா சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

அதற்குப் பிறகு செய்த காரியத்தைத்தான் மற்றவர்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதே, தண்ணீர் நிரப்பிய குழாய், அதை வைத்துப் படிப்படியாக ஏறி, பீலியின் வாய் இருக்கும் உயரத்தைக் கிணற்றின் உட்சுவரில் குறித்தோம். அந்த மட்டத்துக்குக் கீழே கிணற்றுத் தண்ணீர் இறங்கினால் பீலிப் பக்கம் போகிற தண்ணீரும் கிணற்றுக்குள் திரும்பிவிடலாம். அதனால் குறிக்கு இரண்டு அடி மேலே சிவப்புப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு, ஃபுட்வால்வை அந்தக் கோட்டின் மட்டத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டேன். யாராவது மறந்துபோய் மோட்டரை ஓடவிட்டாலும் அதற்குக் கீழே இழுக்காது. மோட்டரையும் அரைக் குதிரைவலுவுக்கு மாற்றினேன். முற்பகலில் மெதுவாக 5,000 லீற்றர் தொட்டிக்கு ஏற்றி நிறுத்திவிடுவேன். கீழ்வீட்டுக்காரர் பீலியில் கூடுகிற மறுநாள் காலை வேளைக்குள் கிணறு இழந்த மட்டத்தைப் பெற்றுவிடுகிறது. பங்குனியில் பீலி அப்போதும் மெலியத்தான் செய்கிறது. ஆனால் நிற்பதில்லை.

குழாய்க்கிணறு போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் உறவினர்கள் ஆயிரம் அடிக்கும் கீழே போய்த் தண்ணீர் தேடிய கதையைச் சொல்லுவார்கள். எங்கள் பாறையில் ஆழம் மட்டும் தண்ணீர் தராது. வெடிப்பைச் சந்திக்க வேண்டும். பத்து யார் தள்ளித் துளைத்தால் காய்ந்த துளையும் கிடைக்கலாம். போட்டே ஆக வேண்டும் என்றால், இயந்திரத்தைக் கூப்பிடுமுன் நீர்வளச் சபையிடமோ தகுதியுள்ள புவிச்சரிதவியலாளரிடமோ கட்டணம் கொடுத்து நிலத்தை ஆய்வு செய்யுங்கள். அந்தக் கட்டணம் ஒரு காய்ந்த துளையின் செலவுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. துளைத்த பின் குறைந்தது ஒரு முழு நாள் தொடர்ந்து இறைத்துப் பார்த்து, தண்ணீர் எந்த மட்டத்தில் நிலைக்கிறது என்று எழுதி வாங்குங்கள். முதல் மணித்தியாலத்தில் பாய்ந்து வருவது வெடிப்பில் தேங்கியிருந்த பழைய தண்ணீர். 1980களில் பின்லாந்தின் உதவியோடு ஹாரிஸ்பத்துவப் பக்கம் குடிநீருக்காகக் கைப்பம்புக் கிணறுகள் போட்டார்கள். கைப்பம்பு எடுக்கும் அளவுக்குப் போதுமான வெடிப்பு, கால் ஏக்கர் தக்காளிக்கும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது.

அந்த வெடிப்புகள் எவ்வளவு தூரம் ஒன்றோடொன்று தொடர்புபட்டவை என்பதை நாடே பார்த்தது. உமா ஓயாத் திட்டத்துக்காகப் பண்டாரவளைப் பக்கம் மலைக்குள் சுரங்கம் குடைந்தபோது, 2014 டிசெம்பரில் நீர் தாங்கிய வெடிப்பு ஒன்றை வெட்டிவிட்டார்கள். சுரங்கத்துக்குள் தண்ணீர் கொட்டியது. மேலே இருந்த கிராமங்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது, வயல்கள் தரிசாகின. அது பெரிய சுரங்கம், நம்முடையது ஆறு அங்குலத் துளை. அளவு வேறு, வேலை செய்யும் விதம் ஒன்று. மேட்டில் போடும் குழாய்க்கிணறு யாருடைய பீலியைத் தொடும் என்பதைத் துளைத்த பிறகுதான் தெரிந்துகொள்வீர்கள். ஆகவே என் வரிசையில் குழாய்க்கிணறு கடைசி. அதற்கு முன் கூரைத் தண்ணீர் இருக்கிறது. ஆயிரம் சதுர அடித் தகரக் கூரையில் வருடம் முழுக்க விழுவது ஒன்றரை இலட்சம் லீற்றருக்கு மேல். அதில் ஏப்ரல் மழையில் இரண்டு தொட்டியில் பிடிக்க முடிந்ததை மட்டும் சேர்த்தாலும் நாற்றுமேடைக்குக் கிணற்றைத் தொட வேண்டியதில்லை.

மழையை நிலத்துக்குள் இறக்குவது பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். சமவெளியில் எல்லோரும் சொல்வது, குழி வெட்டு, பள்ளம் வெட்டு, தண்ணீரை மண்ணுக்குள் விடு. கண்டி மலையில் செங்குத்துச் சரிவின் தலைமாட்டில் பெரிய குழி வெட்டித் தண்ணீரைத் தேக்குவது மண்சரிவுக்கு வழி வெட்டுவது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழை நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. மிக அதிகம் பறிகொடுத்த மாவட்டம் எங்களுடையது. உக்கிய மண் நீரால் நிறைந்து கனத்துப்போய், பாறையின் மேல் வழுக்கி இறங்கியது. எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் தருகிற அதே மேல்படைதான் அப்படி இறங்கியது. இந்த இரண்டையும் பிரித்து யோசிக்க மலையில் யாராலும் முடியாது.

எனவே எங்கே ஊறவிடலாம், எங்கே வடியவிட வேண்டும் என்று நிலத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு ஆபத்து வரைபடங்கள் இருக்கின்றன. உங்கள் காணி எந்த வலயத்தில் விழுகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து அறியுங்கள். சாய்வு குறைந்த இடத்தில், வீட்டுக்கும் பாதைக்கும் மேலே இல்லாத இடத்தில், தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த கான் வெட்டும் முறையே போதும். சரிவுக்குக் குறுக்கே, மிக லேசான வாட்டத்தோடு கான் வெட்டி, அதற்குள் இடையிடையே குழிவிட்டு, குழிக்கும் குழிக்கும் நடுவில் கானின் கரையைவிடத் தணிந்த மண்திட்டு விட வேண்டும். சிறு மழை குழியில் தங்கி ஊறும். பெரு மழை திட்டின் மேலாக வழிந்து கான் வழியே ஓடைக்குப் போய்விடும். எங்கள் பெரியப்பா ஒருவர் தோட்டத்தில் வாழ்க்கை முழுக்கக் கான் வெட்டியவர். அவர் மண்திட்டின் தலையை மண்வெட்டியின் புறத்தால் தட்டித் தட்டி இறுக்குவார். "திட்டு ஒசந்துச்சுன்னா கான் ஒடையும், கான் ஒடைஞ்சா மலையே வரும்" என்பார். ஒக்டோபர் மழைக்கு முன் கானைத் துப்புரவாக்குவதை ஒரு வருடமும் தவறவிடக் கூடாது. செங்குத்தான பகுதியில் கானில் குழி வேண்டாம், தண்ணீரைத் தேங்கவிடாமல் வடித்துவிடுங்கள். அங்கே மரமும் புல்லும் இருக்கட்டும். கண்டி வீட்டுத் தோட்டங்களில் பலா, கறுவா, சாதிக்காய், கராம்பு, மிளகு ஏறிய கிளிரிசீடியா எல்லாம் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மழையின் வேகத்தைக் குறைத்து மண்ணுக்குள் மெதுவாக அனுப்ப அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

கயிற்று அளவும் மழை அளவும் இங்கேயும் உதவும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்பது மண்சரிவு விழிப்புக்கான முதல் எல்லை, 100 அடுத்தது, 150 என்றால் வெளியேற வேண்டிய கட்டம். கிணற்று மட்டம் முன்னொருபோதும் காணாத உயரத்துக்கு ஏறினால், பீலித் தண்ணீர் திடீரென்று சேறாக வந்தால், புதிய இடத்தில் ஊற்று உடைத்தால், ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நின்றால், பயிரைப் பற்றி யோசிக்காமல் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வெள்ளச் சேறு விழுந்த கிணற்றைத் துப்புரவாக்கும்போதும் அவசரம் கூடாது. சுற்றியுள்ள மண் தண்ணீரால் நிறைந்திருக்கும்போது பெரிய பம்பைப் போட்டுக் கிணற்றை ஒரே மூச்சில் வெறுமையாக்கினால், வெளி அழுத்தத்தில் கட்டு உள்ளே சரியும். நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். குடிக்கவும் பயன்படுகிற கிணறு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு குளோரின் போடுங்கள்.

மோட்டர் பற்றி. எங்கள் பக்கம் பலரிடம் இருப்பது இரண்டு அங்குல மண்ணெண்ணெய்ப் பம்ப். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியபோது பலர் பாசனத்தையே நிறுத்தினார்கள். அதே வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. அந்தக் காலத்தில் தப்பிப் பிழைத்தவர்கள், மேட்டில் தொட்டி கட்டிக் கிடைத்த மின்சாரத்தில் நிரப்பி, சரிவிலேயே தண்ணீரை இறங்கவிட்டவர்கள். மலைக்காரருக்குச் சரிவு தருகிற ஒரே இலவசம் இதுதான். பத்து மீற்றர் உயரத்தில் தொட்டி இருந்தால் சொட்டுக் குழாய்க்குத் தேவையான அழுத்தம் தானாகக் கிடைக்கும்.

இப்போது சூரிய சக்திப் பம்புகள் வருகின்றன. எனக்கு அவை பிடிக்கும், ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணெய்க்குப் பணம் போகும்போது கை தானாக மோட்டரை நிறுத்தும். வெயிலுக்குப் பணம் இல்லை. வெயில் கடுமையான நாளில்தான் கிணறும் மெலிந்திருக்கும், பம்பும் முழு வேகத்தில் ஓடும். கிணற்றின் மார்ச் மாத ஊறலுக்கு ஏற்ற சிறிய பம்பையே வாங்குங்கள். மட்டம் இறங்கியதும் தானாக நிறுத்தும் மிதவை சுவிட்சையும் சேர்த்துக் கேளுங்கள்.

சொட்டு நீர் போட்டவர்கள் எங்கள் பகுதியில் கைவிடுவதற்குப் பெரிய காரணம் துளை அடைபடுவது. கண்டிப் பக்கக் கிணறுகளில், முக்கியமாகக் குழாய்க்கிணறுகளில், இரும்பு கலந்திருப்பது சாதாரணம். கிணற்றிலிருந்து வரும்போது தெளிவாக இருக்கும், காற்றுப் பட்டதும் செம்மஞ்சளாகப் படியும். தொட்டிக்குள் விழும் குழாயின் முனையில் பூவாளித் தலை ஒன்றைப் பொருத்தி, தண்ணீரைச் சிதறவிட்டு விழச் செய்யுங்கள். ஓர் இரவு அப்படியே விட்டால் இரும்பு அடியில் படியும். வெளியேறும் குழாயைத் தொட்டியின் அடியில் வைக்காமல் அரை அடி உயர்த்தி வைத்து, அதற்குப் பிறகு வடிகட்டி. குண்டசாலை, திகனப் பக்கச் சுண்ணாம்புக்கல் தண்ணீரில் வெள்ளைப் படிவு வரும். அதற்குப் போகத்துக்கு ஒரு தடவை வினாகிரி கலந்த தண்ணீரில் துளைகளை ஊறவைத்துக் கழுவினால் போதும். குழாய் வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு மூடாக்கு. மானாப்புல்லும் கிளிரிசீடியா இலையும் நான்கு விரல் தடிப்புக்குப் பாத்தியில் பரப்பினால் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சினாலும் மண் ஈரம் காயாது. கையால் மண்ணை ஒரு விரல் ஆழம் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வால்வைத் திறப்பேன்.

கிணற்றுக்கு மேலே சரிவில் கோழி எருவைக் குவித்து வைக்கக் கூடாது. மலசலகூடக் குழியும் அப்படியே. எத்தனை அடி தள்ளி என்பதைவிட மேலேயா கீழேயா என்பது மலையில் முக்கியம். மரக்கறிக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மீதி நைத்திரேற்றாகி மழையோடு இறங்குகிறது, கீழ்வீட்டுப் பீலியில் வெளியே வருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருந்தால் போத்தல் பால் குடிக்கும் குழந்தைக்கு ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பசளையைச் சிறு சிறு தவணையாகப் பிரித்து, பெரு மழை அறிவித்த வாரத்தில் போடாமல் தள்ளிவைத்தால் பணமும் மிச்சம், பீலியும் சுத்தம். வாராந்த விவசாய வானிலை ஆலோசனையைப் பேராதனையில் இருக்கும் விவசாயத் திணைக்களம் வெளியிடுகிறது. 1920க்கு அழைத்தால் தமிழிலும் கேட்கலாம்.

இப்போது எங்கள் சரிவில் ஐந்து வீட்டார் அளக்கிறோம், தமிழும் சிங்களமும் கலந்து எழுதிய ஒரே கொப்பியில். பீலிக் கேன் நிறையும் நேரத்தைக் கீழ்வீட்டு அக்காவின் மகள் எழுதுகிறாள். ஜனவரி கடைசி ஞாயிறன்று ஒன்றாக உட்கார்ந்து மட்டங்களைப் பார்த்து, கோடைக்கு யார் எத்தனை பேர்ச்சஸ் வைப்பது என்று பேசிக்கொள்கிறோம். ஒருவருக்கு அந்த வருடம் கல்யாணச் செலவு என்றால் அவருக்குக் கொஞ்சம் கூட விட்டுக்கொடுப்பதும் நடக்கிறது. கொப்பியின் பிரதி ஒன்றைக் கமநல சேவை நிலையத்திலும் கொடுத்திருக்கிறோம். மேலே உள்ள சரிவில் அடுத்த கிணற்றுக்கு விண்ணப்பிக்க யாராவது அந்த நிலையத்துக்குப் போனால், முதலில் அதைப் புரட்டிப் பார்க்கும்படி கேட்டிருக்கிறோம்.